மணிக்கட்டு வலிக்கும் பங்க் ரசிகர்களுக்கு

போன மாதம் ஒரு பையன் வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு கிட்டார் வகுப்புக்கு வந்தான். பைக்கிலிருந்து விழுந்திருப்பான் என்று நினைத்தேன். இல்லை, காரணம் ரமோன்ஸ். பங்க் என்கிற வேகமான, எளிமையான ராக் வகையை வாசித்த அமெரிக்க பேண்ட். தினமும் ராத்திரி 2 மணி நேரம் அவர்கள் பாட்டை ஓடவிட்டு, கூடவே வாசித்திருக்கிறான். ஏன்டா மெட்ரோநோம் (தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டும் கருவி) வைத்து மெதுவாக ஆரம்பிக்கவில்லை என்றால், "சார், இது பங்க். பிராக்டிஸ் பண்றதெல்லாம் பழைய ராக் ஆளுங்க வேலை" என்கிறான்.

சரி என்று ஒரு பாட்டின் முதல் பத்து வினாடியை மட்டும் போட்டேன், பாடகர் வாயைத் திறப்பதற்குள் நிறுத்திவிட்டு. எந்த பங்க் பேண்ட் என்று கேட்டான். பங்கே இல்லை, அவன் சொன்ன 'பழைய ராக் ஆளுங்க'தான்: லெட் செப்பலின், 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்', 1969. ரமோன்ஸ் நியூயார்க்கில் சேர்ந்ததே 1974-இல்தான். அவர்களுடைய கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் தன் டவுன்ஸ்ட்ரோக்கை, அதாவது பிக்கை (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) மேலிருந்து கீழே மட்டும் இறக்கி வாசிப்பதை, லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் பழகினார், அவரே சொல்லியிருக்கிறார். பையனுக்கு முகம் தொங்கிப்போனது.

எனக்கு அவன் ரசனையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் 'பங்க் என்றால் பயிற்சி வேண்டாம்' என்ற நம்பிக்கையோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் கைவலியோடுதான் வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 180 பீட், பீட்டுக்கு இரண்டு அடி என்றால் வினாடிக்கு 6 அடி. 2 நிமிடப் பாட்டுக்கு 720. நிற்காமல் 2 மணி நேரம் என்றால் 43,200. ஒவ்வொரு அடிக்கும் கை சத்தமில்லாமல் மேலே திரும்பியும் வரவேண்டும், அந்தத் திரும்பும் நேரத்தில்தான் தசை தளர வேண்டும். புதிதாக வாசிப்பவர் அங்கேயும் இறுக்கிப் பிடிப்பார். முதலில் முழங்கைக்குக் கீழே கடுக்கும், அப்புறம் மணிக்கட்டில் உட்காரும்.

பிக்கை ஒரு சிட்டிகை உப்பு எடுப்பது போலப் பிடியுங்கள், முனை கொஞ்சமே வெளியே தெரியட்டும். வீச்சு சின்னதாக இருந்தால் போதும், விசிறி வீசுகிற மாதிரி வேண்டாம். நிமிடத்துக்கு 120 பீட்டில் ஆரம்பித்து ஒரு நிமிடம் வாசித்து ஒரு நிமிடம் கையை உதறிவிட்டு, இறுக்கமே இல்லை என்று தெரிந்த பிறகு 5 ஏற்றலாம். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். விரல் மரத்துப்போனாலோ, வலி சில நாளாகியும் விடாவிட்டாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த 'பழைய ஆட்கள், புது ஆட்கள்' சண்டை பெரும்பாலும் டி-ஷர்ட்டோடு நின்றுபோனது, நிஜமாகவே. பிரிட்டிஷ் பங்க் பேண்ட் செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகர் ஜானி ராட்டன், பழைய ராக் பேண்டான பிங்க் ஃப்ளாய்டின் சட்டையில் 'வெறுக்கிறேன்' என்று எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தவர். 1977-இல் வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆல்பத்தைத் தயாரித்த கிறிஸ் தாமஸ் யார் தெரியுமா? பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' மிக்ஸிங்கில் உட்கார்ந்தவர். அந்த பிஸ்டல்ஸ் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள், அவர்களுடைய கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸின் கிட்டார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பது காதில் விழும். கராஜில் ஒரே மூச்சில் அடித்த சத்தம் இல்லை அது. அதே ஆண்டு இன்னொரு பங்க் பேண்ட் தி டேம்ட் தங்கள் இரண்டாவது ஆல்பத்தைத் தயாரிக்க பிங்க் ஃப்ளாய்டின் பழைய பாடகர் சிட் பாரெட்டைத் தேடி, கடைசியில் கிடைத்தது பிங்க் ஃப்ளாய்ட் டிரம்மர் நிக் மேசன். பங்க் பேண்ட் தி கிளாஷின் மிக் ஜோன்ஸ், மாட் த ஹூப்பிள் என்ற பழைய ராக் பேண்டின் வெறியர். கிளாஷின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தைத் தயாரித்த கை ஸ்டீவன்ஸ், மாட் த ஹூப்பிளை உருவாக்கிய ஆள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு: செக்ஸ் பிஸ்டல்ஸ் பாட்டான 'ப்ரெட்டி வேக்கன்ட்' தொடக்கத்துக்கான பொறி தனக்கு ஸ்வீடன் பாப் குழு 'அபா'வின் 'எஸ்.ஓ.எஸ்' பாட்டிலிருந்து கிடைத்தது என்று அவர்களுடைய பேஸ் கிட்டாரிஸ்ட் கிளென் மேட்லாக் சொன்னது. அபா! ராக்கே இல்லை.

பையன் இப்போது பேண்டேஜ் இல்லாமல் வருகிறான். 150-இல் நிதானமாக வாசிக்கிறான், 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' அவனே கேட்டு வாங்கிக்கொண்ட பாடம். உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் இருக்கிற உயரத்திலேயே நிற்கும்போதும் இருக்கட்டும், ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்று என்றால் மட்டும் கேட்பதில்லை. ஜானி ரமோனுக்கு முட்டி வரை தொங்குமாம்.