விக் (WIC) உதவி: லத்தீனா அம்மாக்கள் கவுன்ட்டரில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டிலோ குழந்தை பார்த்துக்கொள்ளும் இடத்திலோ தெரிந்த லத்தீனா பெண்கள், அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், இருந்தால் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு தரும் உணவு உதவிதான் விக். கூடவே சத்துணவு வகுப்பும் உண்டு. பின்னணி இவ்வளவு போதும். எல்லாத் தகுதியும் இருந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பார்த்து மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் பயம். விக் பெற அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அரசு உதவியைக் கணக்கில் எடுக்கும் விதி 2019-ல் கடுமையானபோதுகூட விக் அதில் சேரவில்லை, 2022 விதியிலும் இல்லை. ஆனால் இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வருமானம், இதில்தான் நிறையப் பேரைக் கழித்துக்கட்டுகிறார்கள். வரம்பு வறுமைக்கோட்டின் 185 சதவீதம். பிடித்தம் போகக் கைக்கு வருவதை அல்ல, மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பார்கள். ஸ்ட்ராபெரி பறிக்கும் சீசனில் ஓவர்டைமோடு வந்த சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து 'அதிகம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். கடந்த 12 மாத வருமானத்தைப் பார்க்கவும் விதியில் இடமிருக்கிறது, அதைக் கேளுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையும் குடும்பத்தில் ஒரு தலை. மெடிக்கெய்டோ (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஸ்நாப்போ (ஏழைகளுக்கான அரசு உணவு உதவி) ஏற்கெனவே வாங்குகிறவருக்கு வருமானத் தகுதி தானாகவே வந்துவிடும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவரிடம் சீட்டு எங்கே என்று அலைக்கழித்தால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வழியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த அம்மாவிடம் 'இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது கூட்டிவா' என்பார்கள், அவரும் பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு லீவு போட வைத்து அழைத்து வருவார். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அலுவலகத்தின் வேலை. தகுதியில்லை என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 60 நாள் உண்டு. கர்ப்பிணிக்கு 10 நாளில் பதில் வர வேண்டும், அதனால் முதன்முதலில் போய்க் கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

சத்துணவு வகுப்புக்கு வராவிட்டால் விக் கார்டில் உணவு ஏறாது என்று மிரட்டுவதும் தப்பு, அதற்காக உணவை நிறுத்த விதியில் இடமில்லை. ஆனாலும் போகச் சொல்லுவேன், குறிப்பாக அவர்கள் ஊர்ப் பெண்களே, புரோமோட்டோரா என்பார்களே, அந்தச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் நடத்தினால். அவர்களின் அன்றாடச் சப்பாத்தியான டார்ட்டியாவை விடு, கீன்வா தானியம் சாப்பிடு என்கிற வகுப்பால் யாருக்கும் பயனில்லை. சோடா பாட்டிலின் லேபிளைப் படிக்கவும், பன்றிக்கொழுப்பு இல்லாமல் பீன்ஸ் சமைக்கவும் சொல்லித் தருவதுதான் வீட்டுச் சமையலை மாற்றும். மிருதுவான சோள டார்ட்டியாவும் முழுக்கோதுமை டார்ட்டியாவும் விக்கில் கிடைக்கும், மைதா டார்ட்டியா கிடைக்காது. பாக்கெட் அளவு மாறினாலும் பில் போடும்போது மெஷின் ஏற்காது, பின்னால் வரிசை நிற்கும், அவமானத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அதனால் ஷெல்ஃபிலிருந்து எடுக்கும்போதே உங்கள் மாநில விக் ஆப்பில் ஸ்கேன் செய்துவிடுங்கள். அந்த மாதத்தில் வாங்காதது அடுத்த மாதத்துக்கு வராது.

ஸ்நாப் திட்டத்தோடு சேர்ந்த ஸ்நாப்-எட் என்ற சத்துணவு வகுப்புகளுக்கான பணத்தை 2025-ல் நிறுத்தினார்கள். அதைக் கேட்டுவிட்டு விக்கும் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள், அது வேறு, இது வேறு.

அறுவடைக்காக வேறு மாநிலம் போகிறவர்கள் கிளம்பும் முன், ஏற்கெனவே விக் தகுதி பெற்றவர் என்று காட்டும் இடமாற்றச் சான்றிதழை விக் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது இருந்தால் அங்கே போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.