அப்பாவின் குரல் ஏன் கட்டையாகக் கேட்கிறது?

"கார்ட் பழுதாப் போச்சு போல, அப்பாட குரல் மாதிரியே இல்ல." திருகோணமலையில் என்னிடம் பழைய ஒலிப்பதிவுகளோடு வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. முப்பத்தோராம் நாளுக்குப் போடவென்று அவசரமாகத் தேடி எடுத்த குரலாக இருக்கும், அல்லது கோயில் திருவிழாவில் பிடித்த மேளக்கச்சேரியாக இருக்கும். இவற்றில் பல பழுதானவையே அல்ல. ஒலி முழுதாக உள்ளே இருக்கிறது. கோப்பின் முகப்பில், அதாவது தொடக்கத்தில் உள்ள விவரக்குறிப்பில், எழுதியுள்ள சாம்பிள் ரேட் மட்டும் பிழை. சீனிப் போத்தலில் உப்பு என்று லேபிள் ஒட்டிய கதைதான்.

சாம்பிள் ரேட் என்பது ஒரு செக்கனுக்கு ஒலியை எத்தனை தடவை அளந்தோம் என்ற கணக்கு. சிடிக்கு அது 44,100. வீடியோவுக்கு வழக்கமாக 48,000. 48,000இல் பதிந்த கோப்பின் முகப்பில் 44,100 என்று இருந்தால், கொம்பியூட்டர் அதை நம்பி மெதுவாக ஓட்டும். ஒரு மணி நேரக் கச்சேரி 65 நிமிடம் 18 செக்கன் ஆகிவிடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். இரண்டு கட்டையில் ஊதிய நாதஸ்வரம் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் போய் நிற்கும். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேராது. தலைகீழாக நடந்தால் எல்லாரும் அவசரப்பட்டுப் பேசுவார்கள், ஆண்குரல் பொடியன் குரலாகும்.

இது எப்படி நேர்கிறது? டிஜிட்டல் மிக்சர் 48,000இல் ஓட, அதன் கடிகாரத்தைப் பின்பற்றும் லப்டொப்பில் 44,100 என்று செட் பண்ணியிருந்தால் நேரும். அழிந்த கார்டிலிருந்து மீட்ட கோப்பில் முகப்பு தொலைந்து, மென்பொருள் தன் ஊகத்தில் ஓர் எண்ணைப் போட்டாலும் நேரும்.

காது ஏமாறும், ஆகவே நான் முதலில் தேடுவது இரைச்சலை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அம்ப்ளிஃபயர் வழியாக வந்த பதிவில் அந்த உறுமல் அநேகமாக ஒட்டியிருக்கும். ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பேச்சில்லாத ஓர் இடத்தைத் தெரிவுசெய்து 'அனலைஸ்' மெனுவில் 'ப்ளொட் ஸ்பெக்ட்ரம்' திறந்து, சைஸை 65536 ஆக்குங்கள். மேடு 50இலும் 100இலும் நின்றால் எண் சரி. 46இலும் 92இலும் நின்றால் 48,000ஐ 44,100 என்று எழுதியிருக்கிறார்கள். 54இல் நின்றால் மறுபுறம். ஒரு எச்சரிக்கை: திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், அது 50இல் நிற்காது. அப்போது அதே நிகழ்வை யாராவது போனில் வீடியோ எடுத்தார்களா என்று விசாரியுங்கள். இரண்டு மணியோசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை இரண்டிலும் அளந்து வகுத்தால் 1.088 வருகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு செக்கன் மட்டும் விலகினால் அது வேறு நோய். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாதது.

இனி மருந்து. முதலில் பிரதி எடுத்துவிட்டு அதில் மட்டும் கை வையுங்கள். 48,000ஐ 44,100 என்று எழுதிய கோப்பானால், ஓடாசிட்டியில் ட்ராக்கின் பெயரருகே உள்ள மெனுவில் 'ரேட்' என்பதை 48,000 ஆக்குங்கள். உடனே நீளம் குறையும், குரல் தன் இடத்துக்கு வரும். எக்ஸ்போர்ட் செய்யும்போதும் 48,000 என்றே கொடுங்கள், இல்லாவிட்டால் அது மறுபடி கணக்குப் போட்டு, அளந்து வைத்த எண்களையே மாற்றிவிடும். 'ரீசாம்பிள்' என்றொரு கட்டளையும் உண்டு. பெயரைப் பார்த்து அதை அழுத்துபவர்கள் அதிகம். அது பிழையான வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றும், நமக்கு உதவாது.

கை நடுங்காதவர்களுக்கு இன்னொரு வழி: கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் நேரே முகப்பையே திருத்துவது. சாதாரண வேவ் கோப்பில் சாம்பிள் ரேட், பூச்சியத்திலிருந்து எண்ணினால் 24ஆம் இடத்தில் தொடங்கும் நான்கு பைட். 44,100 என்றால் '44 ஏசி 00 00'; 48,000 என்றால் '80 பிபி 00 00'. 28ஆம் இடத்தில் செக்கனுக்கான பைட் கணக்கும் உண்டு; 16 பிட் ஸ்டீரியோவில் அதை 1,76,400இலிருந்து 1,92,000 ஆக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒலியின் ஒரு புள்ளிகூட மாறாது. எம்பித்ரீயில் இந்த வேலை நடக்காது. அதில் ஒவ்வொரு துண்டிலும் எண் பதிந்திருக்கும், வேவ் ஆக்கித்தான் திருத்த வேண்டும்.

என் தொழில்காரர்களிடமும் ஒரு மனக்குறை. சுருதியை ஏற்றும் எஃபெக்ட் ஒன்று, வேகத்தைக் கூட்டும் எஃபெக்ட் ஒன்று என்று அடுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள். தவிலின் அடி அதில் குழைந்துபோகும். பிறகு யார் வந்தாலும் அந்தக் குழைவை எடுக்க முடியாது.

எனக்கோ வேறு யாருக்கோ அனுப்புவதானால் மூலக் கோப்பையே அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வரும்; வொய்ஸ் மெசேஜாகத் திரும்பப் பதிந்து அனுப்பினால் முகப்பே வேறாகிவிடும். எந்தக் கருவியில் பதிந்தது, கமராவா மிக்சரா போனா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.