யுனெஸ்கோ உங்கள் காணியை வாங்கித் தராது

போன கிழமை மறுபடியும் ஒரு பைல். வன்னியிலிருந்து இரவு பஸ் ஏறி வந்த ஒரு கிராமச் சங்கத்தார் மூன்று பேர், காலை ஏழு மணிக்கே வெள்ளவத்தையில் என் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் ஆட்கள் வெள்ளைக்காரனோடு மோதிய இடம் என்று ஊரில் தலைமுறையாகச் சொல்லும் இரண்டு ஏக்கர் காணி. சொந்தக்காரர் கிரவல் எடுக்கும் ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். “யுனெஸ்கோவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ சேர்” என்றார் தலைவர். இந்த வருடம் இதே வசனத்தோடு வந்தவர்களில் இவர்கள் நாலாவது கூட்டம்.

பழைய இடங்களைப் பாதுகாக்கத் திட்டமும் விண்ணப்பமும் தயாரிப்பது என் தொழில். ஆகவே இதை ஒரு தடவை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோ காணி வாங்கும் கடை அல்ல. 1972 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் உலக மரபுரிமை நிதியம் என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அதைக் கேட்க வேண்டியது நாடு. சங்கமோ கோயில் சபையோ பழைய மாணவர் ஒன்றியமோ அல்ல. அதுவும் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள, அல்லது பட்டியலுக்கு அனுப்ப நாடு எண்ணியிருக்கும் இடங்களுக்குத்தான். இலங்கையில் பட்டியலில் இருப்பவை 8. காலிக் கோட்டை அதில் உண்டு, போர்க்களம் ஒன்றுகூட இல்லை. கிடைக்கும் தொகையும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் அவசரத் திருத்தத்துக்கும் போகிற சிறு தொகை. பாரிஸுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதங்களில் உங்கள் காணியில் பெக்கோ இறங்கிவிடும்.

அடுத்து தூதரகம். வெளிநாட்டு மரபுரிமைகளுக்கு உதவ அமெரிக்கத் தூதர்களின் பெயரில் நடந்துவந்த நிதியின் விதிகளைப் படித்திருக்கிறேன்: தனியார் காணியை வாங்க அதில் இடமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே அமெரிக்கா தன் மண்ணில் போர்க்களக் காணி வாங்குவதற்கென்றே மானியம் கொடுக்கிறது. கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகை வருமானத்தில் ஓடும் நிதியிலிருந்து அந்தப் பணம் வருகிறது. ஆனால் விலையில் பாதிக்கு மேல் தரமாட்டார்கள். மீதியை ஊர்க்காரரும் தொண்டு அமைப்புகளும் திரட்ட வேண்டும். வாங்கிய காணியில் என்றைக்கும் கட்டடம் எழாதபடி சட்டக் கட்டும் போட வேண்டும். எது போர்க்களம் என்பதும் ஊர்ப்பேச்சில் தீர்வதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு மட்டும் 384 களங்களை ஆராய்ந்து 1993 இல் ஒரு அறிக்கையே தயாரித்து வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அதில் 1815 மார்ச் 2 என்று ஒரு கோடு உண்டு. பண்டாரவன்னியனின் 1803 அதற்கு முன்னால் விழுகிறது. ஊவாக் கிளர்ச்சியின் 1818 பின்னால் விழுகிறது, அதற்குத் தனியாக வர்த்தமானி வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் தேடுவது சுவர், கல்வெட்டு, இடிபாடு. வெறும் வயலைக் காட்டினால் அதிகாரி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். பாதுகாப்புப் பிரகடனம் வந்தாலும் காணிக்குக் காசு வராது, கட்டுப்பாடுதான் வரும். அரசே சுவீகரித்தால் காணி அரசுடையது, சங்கத்துடையது அல்ல. இதைச் சொன்னதும் தலைவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மத்திய கலாசார நிதியத்தையும் கேட்டார்கள். அது தன் இடங்களைப் பார்க்கவே நுழைவுச்சீட்டுப் பணத்தைப் பெரிதும் நம்பி நிற்கிறது.

சரி, அப்போ காசு எங்கே? உங்களிடமும் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊரவரிடமும்தான். அவர்கள் தருவார்கள், பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் செயலாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். தயவுசெய்து. முதலில் நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) ஒன்றை எழுதிப் பதிந்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கைத் திறவுங்கள்.

அதற்கும் முன்னால் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். உறுதி யார் பெயரில், ஈடு இருக்கிறதா, எத்தனை பங்காளிகள், அல்லது அது அரசின் வெறும் அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். வன்னிச் சங்கத்தார் இதில் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. பதிவைத் தேட ஆள் அனுப்பினோம்: காணியில் நாலு பங்காளிகள், அட்வான்ஸ் வாங்கியவர் ஒருவர் மட்டும். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பங்கை வெளியாளுக்கு விற்கும் முன் மற்றப் பங்காளிகளுக்கு வாங்கும் உரிமை உண்டு. யுனெஸ்கோ செய்யாததை அட்வான்ஸ் வாங்கியவரின் பங்காளித் தங்கச்சி செய்யலாம்!

இன்னொன்று. ரவை தேடுகிறோம் என்று மெட்டல் டிடெக்டரோடு இறங்கித் தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் அகழ்வது குற்றம். அதைவிட, ரவை கிடந்த இடம்தான் சாட்சி. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களத்தில் 1983 இல் புல்வெளி தீப்பிடித்த பிறகு, கிடந்த ரவைகளையும் தோட்டாக் கூடுகளையும் இடம் குறித்து எடுத்துத்தான் யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பொறுக்கிப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தால் எனக்கு அது வெறும் ஈயம்.

கொழும்புக்காரரும் சிரிக்க வேண்டாம். 1559 இல் போர்த்துக்கேயர் தோற்ற முல்லேரியாக் களத்தில் இன்று வீடுகளுக்கு நடுவில் வாகன நெரிசல்தான்.

வன்னிக்காரர் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். தங்கச்சி வவுனியாவில் இருக்கிறாவாம். நாளைக்கு நில அளவையாளரோடு போய்ப் பார்க்கிறோம் என்று இரவு போன் வந்தது. பழைய வரைபடத்தையும் கொண்டுபோங்கோ என்றேன்.