நோவில்லாத பத்து ஆண்டுகள்

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே மிஸ்ஸி, பிறகேன் கிளினிக்குக்கு வரவேணும்?” என்று வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கும் பெண்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் பலர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளினூடாக நடைபெறும் சுகவனிதையர் கிளினிக், வருத்தமில்லாத அந்தப் பெண்ணுக்காகவே 1996ஆம் ஆண்டு இலங்கையில் தொடங்கப்பட்டது. அங்கே குருதி அமுக்கமும் சீனியின் அளவும் பார்க்கப்படும். மார்பகங்களும் தைரொயிட் சுரப்பியும் தொட்டுச் சோதிக்கப்படும். இவற்றுக்கு இணங்குபவர்களும் தயங்கி நிற்பது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைத் தேடும் பப் பரிசோதனைக்குத்தான். அந்த மாற்றங்கள் எவை என்று யாரும் விளக்காததே அத்தயக்கத்தின் பெரும்பகுதி என்று நான் நம்புகிறேன்.

கருப்பைக் கழுத்தின் வெளிப்புறத்தைப் பல அடுக்குத் தட்டையான கலங்களும், அதன் உட்கால்வாயை ஓரடுக்குக் கம்பக் கலங்களும் மூடியுள்ளன. பூப்பெய்தும் காலத்தில் ஓமோன்களின் தூண்டலால் உட்புறக் கலங்கள் சற்று வெளியே பிதுங்கி, யோனியின் அமிலச் சூழலில் மெல்ல மெல்லத் தட்டைக் கலங்களாக மாறுகின்றன. மாற்றம் நடக்கும் அந்த ஒடுங்கிய வளையத்தில்தான் மனித பப்பிலோமா வைரசு எளிதில் குடிகொள்கிறது. பாலுறவின்போது தொற்றும் இவ்வைரசு மிகச் சாதாரணமானது. பெரும்பாலான பெண்களின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தானே அடக்கிவிடுகிறது. ஆகவே தொற்று இருப்பதை ஒருவரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப்போடுவது அறியாமை மட்டுமன்று, அநீதியும்கூட.

சிலரில் இவ்வைரசின் 16, 18 போன்ற வகைகள் நிலைத்துவிடுகின்றன. அப்போது வைரசின் இரு புரதங்கள், கலம் கட்டுமீறிப் பிரிவதைத் தடுக்கும் காவற் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. கலத்தின் கரு பெருத்து, கறுத்து, வடிவம் குலைகிறது. இந்நிலை புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். அவ்வளவு காலமும் நோவு இராது. இவ்வைரசுக்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்ணின் பெயரைக் கண்ணாடித் தட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்கள், ஏனெனில் பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும். சிறு மரத்தகட்டை அந்த வளையத்தில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, ஒட்டிய கலங்களைத் தட்டில் பூசி, காய்வதற்கு முன் அற்ககோலில் இடுவார்கள். காய்ந்தால் கலங்களின் உருவம் கெட்டுவிடும். பின்னர் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, கலத்தின் பருமனோடு ஒப்பிடக் கரு எவ்வளவு பெரிது என்பதே முதலில் கவனிக்கப்படும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துச் செல்வது நல்லது. குருதி கலந்தால் கலங்கள் மறைந்துவிடும்.

மாற்றம் உண்டு என்று முடிவு வந்தால் அதனைப் புற்றுநோய் என்று எண்ணி ஒடுங்கிவிட வேண்டாம். நிபுணர் ஐதான அசற்றிக் அமிலத்தை, அதாவது வினாகிரியிலுள்ள அதே அமிலத்தை, தடவி உருப்பெருக்கியால் பார்ப்பார். மாறிய இடம் வெண்மையாகத் தெரியும். கருப்பையை அகற்றாமலே பெரும்பாலும் அச்சிறு பகுதியை மட்டும் நீக்கிவிடலாம்.

35, 45 வயதுப் பெண்களே இக்கிளினிக்குகளுக்கு முதன்மையாக அழைக்கப்படுகின்றனர். 2017 முதல் பாடசாலையில் தரம் 6 மாணவியருக்கு ஏற்றப்படும் பப்பிலோமா வைரசுத் தடுப்பூசி அவ்வைரசின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. ஊசி போட்ட பிள்ளைகளும் உரிய வயதில் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். ஆனால் உறவுக்குப் பின்னரோ, இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, மாதவிடாய் முற்றாக நின்ற பின்னரோ குருதி கண்டால், எந்த வயதினராயினும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.