வாளின் அழும் பாதி

ஜார்ஜ் டவுனிலிருந்து ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒருவரிடம் உள்ள சின்னக் குறையை ஆங்கிலத்தில் 'ஃபாய்பிள்' என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் வாளின் ஒரு பகுதி என்றும் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம், ஐயா?"

சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லத்தீனில் 'ஃப்ளேரே' என்றால் அழுவது, 'ஃப்ளெபிலிஸ்' என்றால் அழத்தக்கது. பிரெஞ்சில் அது 'பலவீனமான' என்று பொருள் மாறி, 17ஆம் நூற்றாண்டில் வாட்போர்ச் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்தது. வாளின் நடுவிலிருந்து முனை வரை ஃபாய்பிள்; கைப்பிடியை ஒட்டிய பாதி ஃபோர்ட்டே, அதாவது வலுவானது. மனிதரின் சிறு பலவீனத்துக்கும் அதே நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒரே உலையில் அடித்த இரும்பில் ஒரு பாதி மட்டும் ஏன் பலவீனம்? முனைப்பக்கம் கொஞ்சம் மெல்லிசுதான். என்றாலும் முக்கியக் காரணம் தூரம்.

விளக்குமாற்றுக் கம்பின் ஒரு நுனியை ஒரு கையால் பிடித்து நீட்டுங்கள். தம்பியை மறுநுனியில் ஒரே விரலால் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். மணிக்கட்டு திரும்பிவிடும். உங்கள் கைக்கு அருகே தள்ளச் சொல்லுங்கள், அசையாது. திருப்புத்திறன் என்பது விசையைத் தூரத்தால் பெருக்குவது, பள்ளியில் படித்ததுதான்.

இப்போது இரண்டு வாள்கள் உரசட்டும். இருவர் மணிக்கட்டும் தாங்கும் திருப்புத்திறன் 4 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உரசும் இடம் எதிரியின் கையிலிருந்து 80 சென்டிமீட்டர், உங்கள் கையிலிருந்து 20. அவரால் 5 நியூட்டன்தான் தள்ள முடியும், உங்களால் 20. நான்கு மடங்கு! உடம்பில் ஒரு தசைகூடக் கூடவில்லை.

சிறுவயதில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சிலம்பம் சொல்லித்தந்த ஆசான் ஒல்லியானவர், அறுபதைக் கடந்தவர். வாட்டசாட்டமான இளைஞர்களின் கம்பு நுனியைத் தன் கையருகே வாங்கி ஒதுக்கிவிடுவார். கம்புக்கு மந்திரம் கட்டியிருக்கிறார் என்றே பேசிக்கொண்டார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. அந்த இடத்தை ஒரு நொடிக்குள் கண்டுபிடிக்க அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். மந்திரம் என்றால் அந்த உழைப்பு மறைந்துபோகிறது.

நுனியைப் பலவீனமாக்கும் அதே தூரம்தான் அதற்கு வேகமும் தருகிறது. கம்பு சுழலும்போது கையிலிருந்து 80 சென்டிமீட்டரில் உள்ள புள்ளி, 20 சென்டிமீட்டரில் உள்ளதைவிட நான்கு மடங்கு விரைகிறது. அதனால்தான் ஆசான் நுனியால் அடித்தார், கையருகே தடுத்தார்.

விளக்குமாற்றில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுத் தம்பியோடு சோதித்துப் பாருங்கள், அம்மா. எந்தக் கோட்டில் உங்கள் மணிக்கட்டு தோற்றது என்று எழுதுங்கள்.