இறுதிப்போட்டியில் யாருடைய கை ஓங்கும்?

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று இறுதிக்கு வந்துவிட்டால் திருகோணமலை இரண்டாகப் பிரிந்துவிடும். மெக்கெய்சர் மைதானத்தைச் சுற்றியுள்ள தேநீர்க்கடைகளிலும் கிண்ணியாப் பாலம் கடக்கும் பஸ்களிலும் ஒரே பேச்சுத்தான். "அரையிறுதியில நாலு கோல் போட்டவங்கள், விடுவாங்களா?" என்பார் ஒருவர். "போன வருசம் இவங்களிட்டத் தோத்தவங்கள்தானே" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதைக் கணிதம் ஓரளவு சொல்லிவிடும்.

உதைபந்தாட்டத்தில் கோல் என்பது அபூர்வமான பொருள். 2022 உலகக் கிண்ணத்தின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்று கூட இல்லை. கிரிக்கெட்டில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேர்வதால் ஒரு பந்தின் அதிர்ஷ்டம் கரைந்துவிடும். இங்கே கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரே ஒரு பந்து கிண்ணத்தையே இடம் மாற்றிவிடும்.

இப்படி அபூர்வமாக, முன்கூட்டிச் சொல்ல முடியாமல் நடக்கும் சம்பவங்களை எண்ணுவதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் 1837இல் வெளியிட்டது. 1898இல் போர்ட்கியேவிச் என்பவர் பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு அது அழகாகப் பொருந்துவதைக் காட்டினார். சராசரி ஒன்று தெரிந்தால் போதும்: சம்பவம் ஒரு தடவையும் நடக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு, ஒரு தடவை நடக்க எவ்வளவு, இரண்டு தடவைக்கு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். கோல்களுக்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இறுதிக்கு வந்த இரண்டு கழகங்களில் ஒன்று நகரத்து அணி, மற்றது கிண்ணியா அணி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. ஆளுக்கு நான்கு ஆட்டங்கள். நகரத்து அணி 8 கோல் போட்டு 4 வாங்கியிருக்கிறது. கிண்ணியா அணி 5 போட்டு 4 வாங்கியிருக்கிறது. சுற்றுப்போட்டி முழுவதும் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் போடும் சராசரி 1.25 கோல். நகரத்து அணி ஆட்டத்துக்கு 2 கோல் போடுவதால் அதன் தாக்குதல் பலம் சராசரியைப்போல 1.6 மடங்கு. கிண்ணியா அணி ஆட்டத்துக்கு ஒன்றுதான் வாங்குகிறது, சராசரியில் 0.8 மடங்கு. 1.25, 1.6, 0.8 மூன்றையும் பெருக்கினால் 1.6 வரும். இறுதிப்போட்டியில் நகரத்து அணியிடம் எதிர்பார்க்கக்கூடிய கோல் அவ்வளவு. கிண்ணியா அணிக்கு இதேபோல் பெருக்கினால் 1.0.

இனி புவாசோன் வாய்ப்பாடு. நகரத்து அணி வெல்ல 51 சதவீதம், சமநிலைக்கு 25, கிண்ணியா அணி வெல்ல 24. சமநிலையானால் நேரே பெனால்டி என்றும், அதில் இருவருக்கும் சம வாய்ப்பு என்றும் கொண்டால், கிண்ணியாவுக்குக் கிண்ணம் கிடைக்க ஏறத்தாழ 36 சதவீதம். எட்டுக்கு ஐந்து என்று கோலில் இவ்வளவு பின்தங்கிய அணிக்கு மூன்றில் ஒன்றுக்கும் மேலான வாய்ப்பு! கோல் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்வது இன்னும் கடினம். 1-0, 1-1 என்ற இரண்டும்தான் அதிகம் வரக்கூடியவை; ஒவ்வொன்றுக்கும் 12 சதவீதம்தான்.

இந்தக் கணக்கின் பலவீனம் நான்கே ஆட்டங்களை நம்பி நிற்பது. அந்த எட்டுக் கோலில் நான்கு, ஆளில்லாமல் வந்த ஓர் அணிக்கு எதிராக விழுந்திருக்கலாம். எதிராளியின் தரத்தைச் சேர்த்துப் பார்க்க ஹங்கேரியில் பிறந்த பௌதிகவியலாளர் ஆர்பாட் ஏலோ சதுரங்கத்துக்கு ஒரு முறை வகுத்தார். பலமான அணியை வென்றால் புள்ளி நிறையக் கூடும், பலவீனமான அணியை வென்றால் சொற்பம்தான். 2018 முதல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் ஆண்கள் தரவரிசையும் இந்த வழியில்தான் போகிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது, கோலை விட்டு வாய்ப்புகளை எண்ணுவது. பெரிய லீக்குகளில் கோலை நோக்கி அடிக்கும் ஏறத்தாழப் பத்து உதைக்கு ஒன்றுதான் கோலாகும். பெனால்டி என்றால் நான்கில் மூன்று. கோலுக்கு நேரே ஆறு மீற்றரில் கிடைத்த பந்தும் மூலையிலிருந்து அடித்ததும் ஒன்றல்ல. ஒரு கொப்பியில் உதை விழுந்த இடத்தைப் புள்ளியிட்டு வந்தால், நான்கு ஆட்டத்தில் எட்டுக் கோலுக்குப் பதிலாக ஐம்பது அறுபது உதைகள் கையில் இருக்கும். ஆனால் வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். 2014 உலகக் கிண்ண அரையிறுதியில் ஜேர்மனியைவிடப் பிரேசில்தான் அதிகம் உதைத்தது. ஆனால் 7-1 என்று வென்றது ஜேர்மனி. முதல் 29 நிமிடத்திலேயே ஐந்து கோல் வாங்கிவிட்ட அணி, பின்னால் கண்டபடி உதைத்துத்தான் ஆகவேண்டும். ஆட்டம் சமமாக இருந்தபோது விழுந்த உதைகளைத் தனியாகப் பாருங்கள். அன்று பிரேசிலுக்கு முக்கிய வீரர்களான நெய்மாரும் தியாகோ சில்வாவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மஞ்சள் அட்டை சேர்ந்து வெளியே இருப்பது யார், வேலைக்குக் கொழும்பு போனது யார் என்று விசாரிக்கும் நம்மூர்ப் பெரியவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது இதை ஒதுக்க முடியாது. வளித்தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 90 கிலோமீற்றரில் போகும் பந்து, 18 கிலோமீற்றர் காற்றை எதிர்த்தால் தடை 44 சதவீதம் கூடும். காற்றோடு போனால் 36 சதவீதம் குறையும். நீளப் பந்தை நம்பும் அணிக்கு ஒரு பாதி வரம், மறுபாதி தலையிடி. பந்தைத் தரையோடு கடத்தும் அணிக்குப் பாதிப்புக் குறைவு. நாணயச் சுழற்சியில் வென்றவர் பக்கத்தைத் தேர்வதா, பந்தைத் தொடங்குவதா என்று 2019 முதல் தாமே முடிவுசெய்யலாம்.

பலவீனமான அணி செய்யக்கூடிய ஒன்றையும் இதே வாய்ப்பாடு காட்டுகிறது. கிண்ணியா அணி ஆட்டத்தை மந்தமாக்கி, இரு பக்க வாய்ப்புகளையும் பாதியாகக் குறைத்துவிட்டால், எதிர்பார்க்கும் கோல் 0.8, 0.5 ஆகும். தான் அடிப்பதும் பாதியாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் சமநிலை வாய்ப்பு 39 சதவீதமாக ஏறுவதால், கிண்ணம் வெல்லும் வாய்ப்பு 36இலிருந்து 41க்குப் போகிறது. கோல் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு பெருகும், அது பலம் குறைந்தவரின் பக்கம் நிற்கும். 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் கிரேக்கம் காலிறுதியில் பிரான்ஸையும், அரையிறுதியில் செக் குடியரசையும், இறுதியில் லிஸ்பனிலேயே போர்த்துகலையும் வென்றது. மூன்றும் 1-0.