சான்: பெயரும் அதில் இருக்கும் சொடுக்கும்

தேடுபொறியில் 'சான்' என்று தட்டினால் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோவும் சான் ஓசேவும்தான் வந்து நிற்கும். அந்த சான் ஸ்பானியச் சொல், 'புனித' என்று பொருள். இங்கே நான் எழுதுவது வேறு சான். ஆப்பிரிக்காவின் தெற்கே, கலகாரிப் பாலைநிலத்திலும் அதைச் சுற்றியுள்ள போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, அங்கோலா முதலிய நாடுகளிலும் வாழும் சுமார் ஒரு லட்சம் தொல்குடி மக்களின் பொதுப்பெயர் அது.

சொல் எங்கிருந்து வந்தது? ஆடுமாடு வளர்த்த அண்டை மக்களான கொய்கொய் மக்களின் மொழியிலிருந்து. அதில் 'சா' என்றால் தரையிலிருந்து பொறுக்கி எடுப்பது, கடைசியில் வரும் 'ன்' பன்மை விகுதி. ஆக, மாடு இல்லாமல் கிழங்கும் காயும் பொறுக்கித் தின்பவர்கள் என்று அர்த்தம். தமிழருக்கு இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். 'பொறுக்கு' என்ற சாதாரண வினையிலிருந்து 'பொறுக்கி' என்ற வசை நம் மொழியில் எப்படி உருவானதோ, கிட்டத்தட்ட அதே மாதிரிதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

டச்சுக் குடியேறிகள் வைத்த பெயர் 'போஸ்யஸ்மன்', அதாவது புதருக்குள் இருப்பவன். ஆங்கிலத்தில் அது புஷ்மன் ஆகி, தமிழில் 'புதர் மனிதர்' என்றும் சில இடங்களில் வந்துவிட்டது. போட்ஸ்வானாவில் பசார்வா என்பார்கள். இப்படி எல்லாமே மற்றவர்கள் வைத்த பெயர்கள்.

அப்படியென்றால் அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? ஒவ்வொரு மக்களுக்கும் தனிப் பெயர் இருக்கிறது. நமீபியாவின் சும்க்வே பக்கம் வாழ்கிறவர்கள் ஜுட்வான்சி, 'உண்மையான மனிதர்கள்' என்று பொருள். !குங், நாரோ, க்வே என்று இன்னும் பல மொழிகள், பல மக்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெயர் தேவைப்பட்டபோது, 1990களில் அவர்களுடைய பிரதிநிதிகளே கூடி, வசையாக இருந்த 'சான்' என்பதையே பொதுப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். புஷ்மன் என்றே பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் அவர்களில் உண்டு, அது அவர்கள் உரிமை. வெளியிலிருந்து எழுதுகிற நமக்குச் சரியான சொல் சான் மக்கள். 'காட்டுவாசி' வேண்டவே வேண்டாம். கலகாரி காடும் இல்லை, அந்தச் சொல்லில் மரியாதையும் இல்லை.

அடுத்து !குங் என்ற பெயரின் முன்னால் நிற்கும் அந்த ஆச்சரியக்குறிக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சான் மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நம் க, ச, ட மாதிரி முழு மெய்யெழுத்துகள். இதைக் கிளிக் ஒலி என்கிறார்கள், தமிழில் சொடுக்கொலி என்பது கச்சிதமாகப் பொருந்தும். இந்த ஒலிகள் நம் வாய்க்குப் புதிதும் அல்ல. யாராவது துக்கம் சொன்னால் 'ச்சு' என்று உச்சுக் கொட்டுகிறோமே, அதேதான் அவர்கள் மொழியில் ஓர் எழுத்து, ஒரு நேர்கோடு போட்டு எழுதுவார்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்டொக்' என்று இறக்கினால் அது ஆச்சரியக்குறி. நாம் உணர்ச்சிக்கு மட்டும் வைத்திருக்கும் ஒலியில் அவர்கள் தண்ணீரும் நட்சத்திரமும் சொல்கிறார்கள்.

இணையத்தில் இதனாலேயே ஒரு சிக்கல். இந்தக் குறிகளுக்கு யுனிகோடில் தனி இடம் இருந்தாலும், கடையில் வாங்கும் கைபேசியின் விசைப்பலகையில் அவை கிடையாது. அதனால் ஆச்சரியக்குறியையும் செங்குத்துக் கோட்டையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆனால் ஆச்சரியக்குறியில் தொடங்கும் பெயருக்கு ஹேஷ்டேக் போட்டுப் பாருங்கள், வேலை செய்யாது. சொந்தப் பெயரையே மென்பொருள் நிறுத்தற்குறி என்று தள்ளிவிடுகிறது. நாரோ மொழிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதன் எழுத்துமுறையில் சொடுக்கொலிகளுக்குச் சாதாரண ரோமன் எழுத்துகளே பயன்படுகின்றன. எந்தக் கைபேசியிலும் தட்டலாம்.

எழுத்து இடறும் இடத்தில் குரல் கைகொடுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகர் அருகே பிளாட்ஃபோன்டெய்னில் இயங்கும் எக்ஸ்-கே எஃப்எம் என்ற வானொலி, 2000-ல் தொடங்கி, !குங், க்வே என்ற இரண்டு மொழிகளில் பேசிக்கொண்டிருக்கிறது. 1933-ல் பிறந்த கத்ரினா ஏசாவ் என்ற பாட்டி, அதே நாட்டின் அப்பிங்டன் ஊரில் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த நூ மொழி, அழிந்தே போனதாக ஒரு காலத்தில் நினைத்த மொழி. அதற்கு இன்று இணையத்தில் அகராதி இருக்கிறது. எழுத்தை மட்டும் படித்துப் புதியவர்களுக்கு அந்த ஒலி எப்படி இருக்கும் என்று தெரியாது, காதால் கேட்டால்தான் பிடிபடும்.

சான் மக்கள் பண்பாட்டோடு தங்கள் கவலைகளையும் சேர்த்தே சொல்கிறார்கள். மத்திய கலகாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து தங்களை வெளியேற்றியதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2006 டிசம்பரில் போட்ஸ்வானா உயர்நீதிமன்றத்தில் வென்றவர்கள் இவர்கள். ஆராய்ச்சி என்று வந்து மரபணுவையும் கதைகளையும் எடுத்துப் போனவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்து, 2017-ல் தென்னாப்பிரிக்க சான் மக்கள் தாங்களே ஓர் ஆராய்ச்சி நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். அனுமதி இல்லாமல் படம் போடுவதும் அதில் குறையாக வருகிறது. அந்த உழைப்பில் பங்கெடுத்து, அது வெளிவரும் முன்பே இறந்துபோன ஆந்திரிஸ் ஸ்டீன்காம்ப் என்ற தலைவர், ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டது இவ்வளவுதான்: வாசல் வழியாக வாருங்கள், ஜன்னல் வழியாக வேண்டாம். நெறிமுறையை இணையத்தில் யாரும் படிக்கலாம். அவர்களைப் பற்றிப் பதிவு போடும் முன், படத்தை எடுத்து ஒட்டும் முன், ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, எழுதும்போது: சான் என்று றன்னகரத்தில் எழுத வேண்டும், ண் போட்டால் அது கையளவுச் சாண் ஆகிவிடும். எந்த மக்கள் என்று தெரிந்தால் பொதுப்பெயரை விட்டுவிட்டு அவர்கள் பெயரையே எழுதுங்கள். அப்புறம், !குங் என்பதில் முன்னால் நிற்கும் ஆச்சரியக்குறியை அச்சுப்பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், அது ஓர் எழுத்து.